மிச்சம் பிடித்த பணம் எங்கே?

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில் வந்த சிக்கனக் குறிப்புகளைப் படித்தேன். பருப்பை ஊற வைத்தால் சீக்கிரம் வேகும், காயை நறுக்கி வைத்துக்கொண்டு அடுப்பைப் பற்ற வையுங்கள் என்பதெல்லாம் சரிதான். நானும் முப்பத்தாறு வருஷமாக அப்படித்தான் செய்கிறேன். பெரிய பாக்கெட்டாக வாங்கச் சொன்னதை மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டேன். எண்ணெய் டின் நிறைந்திருந்தால் ஊற்றுகிற கை தாராளமாகிவிடும். விலை குறைவென்று ஐந்து கிலோ உளுந்து வாங்கி, மூன்றாம் மாதம் அதை முறத்தில் கொட்டி வண்டு பொறுக்கியவள் நான்.

அதைச் சொல்ல இந்தக் கடிதம் இல்லை. மிச்சம் பிடித்த பணம் எங்கே போகிறது என்று அந்த முழுப் பக்கத்திலும் ஒரு வரி கூட இல்லையே! கேஸில் மிச்சம், கரண்டில் மிச்சம், காய்கறியில் மிச்சம் என்கிறோம். மாதக் கடைசியில் பார்த்தால் பர்ஸில் அதே பத்து ரூபாய்த் தாள்தான் கிடக்கிறது.

எங்கள் அத்தை, அதாவது மாமியார், உலை வைக்கும்போது அரிசியை அளந்து பாத்திரத்தில் போட்ட பிறகு, அதிலிருந்து ஒரு பிடி அள்ளி மூலையில் இருக்கும் சின்னப் பானையில் போடுவார்கள். புதிதாக வந்த நான், "முதலிலேயே ஒரு பிடி குறைத்து அளக்கலாமே அத்தை" என்று கேட்டேன். "மூட்டையில கிடந்தா மூட்டையோட போயிரும். பானையில கிடந்தாத்தான் நமக்கு" என்றார்கள். இரண்டு வேளைக்கும் போட்டால் மாதக் கடைசியில் ஆறு பேருக்கு இரண்டு நாள் சோற்றுக்கு அரிசி இருக்கும். சம்பளம் தாமதமான மாதங்களில் அந்தப் பானைதான் எங்களுக்குக் கை கொடுத்தது.

நான் அந்தப் பிடியைப் பணத்தில் பிடித்தேன். என் வீட்டுக்காரர் பேருந்து நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டுச் செலவுக்குக் கொடுக்கிற பணத்தில் மிஞ்சுவதை ஐந்நூறாகச் சேர்ந்ததும் மாற்றி, அரிசி டிரம்மின் அடியில் பாலிதீன் பையில் சுற்றி வைப்பேன். சிறுவாடு என்போமே, அதுதான். 2016 நவம்பர் 8 ராத்திரி ஐந்நூறும் ஆயிரமும் செல்லாது என்று டிவியில் சொன்னபோது எனக்குத் தூக்கமே வரவில்லை. மறுநாள் காலையில் வேறு வழியில்லாமல் டிரம்முக்குள் கையை விட்டு எடுத்து அவர் முன்னால் வைத்தேன். ஐந்நூறு பதின்மூன்று, ஆயிரம் இரண்டு. டிக்கெட் கிழிக்கிறவர் போலவே விரலை நாக்கில் தொட்டு எண்ணினார். எட்டாயிரத்து ஐந்நூறு. "மாசாமாசம் பத்தலை பத்தலைன்னு சொன்னது இதுக்குத்தானா?" என்றார். திட்டவில்லை, சிரித்துவிட்டார். ஆனால் வங்கி வரிசையில் என்னைத்தான் நிற்க வைத்தார்.

அதற்குப் பிறகு டிரம்மை நம்பவில்லை. தபால் ஆபீசில் மாதம் ஐந்நூறு ரூபாய்க்கு ஆர்.டி. போட்டேன். ஐந்து வருஷக் கணக்கு. நூறு ரூபாயிலிருந்தே ஆரம்பிக்கலாம். 2022-ல் முதிர்ந்த பணத்தில், மழைக்கு ஒழுகிக்கொண்டிருந்த மொட்டை மாடிக்குத் தட்டோடு பதித்தோம். இப்போது ஓடுவது இரண்டாவது கணக்கு. அதற்கு மாதா மாதம் பணம் எங்கிருந்து வருகிறது என்றுதானே கேட்பீர்கள்?

புது சிலிண்டர் மாட்டுகிற அன்று தேதியை காலண்டரில் எழுதிவிடுவேன். முன்பெல்லாம் எங்கள் வீட்டில் ஒரு சிலிண்டர் 42 நாள் வரும். குக்கரில் அடியில் சோறும் மேல் அடுக்கில் பருப்பும் ஒன்றாக வைத்து, முதல் விசிலுக்குப் பிறகு அடுப்பை சிம்மில் வைக்க ஆரம்பித்ததும் நாள் கூடியது. பர்னர் துளைகளையும் ஊசியால் குத்திச் சுத்தம் செய்வேன். தீ மஞ்சளாக எரிந்து பாத்திரத்தின் அடி கறுத்தால் துளை அடைத்திருக்கிறது என்று அர்த்தம். இப்போது 55 நாள் வரை வருகிறது. 43-ம் நாளிலிருந்து தினமும் காலையில் இருபது ரூபாயை ஹார்லிக்ஸ் டப்பாவில் போட்டுவிடுவேன். பழைய கணக்குப்படி அது கேஸுக்குப் போயிருக்க வேண்டிய பணம் அல்லவா?

கரண்டுக்கும் இதே வழிதான். ஞாயிற்றுக்கிழமை தோறும் மீட்டரைப் பார்த்து நோட்டில் எழுதுகிறேன். இரண்டு மாதக் கணக்கில் 500 யூனிட்டைத் தாண்டினால், தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் விலை கூடுவதில்லை. 101 முதல் 200 வரை உள்ள யூனிட்டுகளுக்கு இருந்த சலுகை விலையும் போய்விடும். போன கோடையில் மகளும் பேரன்களும் வந்திருந்தபோது நோட்டை மறந்துவிட்டேன். 511 வந்து நின்றது. பதினொரு யூனிட்டுக்காக முந்நூற்றுச் சொச்சம் கூடுதல். பேரன்களைக் குறை சொல்ல முடியுமா? இரண்டு ஞாயிறு நான் மீட்டர் பக்கமே போகவில்லை.

எதில் பிடிக்கக் கூடாது என்பதற்கும் எனக்கு ஒரு கணக்கு உண்டு. வடை சுட்ட எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்ச மாட்டேன். வெயிலில் சிலிண்டர் தூக்கி வருகிறவருக்கு மோர் கொடுப்பதை நிறுத்த மாட்டேன்.

அடுத்த முறை இப்படிக் குறிப்புகள் போடும்போது, ஒவ்வொன்றிலும் எத்தனை ரூபாய் மிச்சம், அதை எந்த டப்பாவில் போட்டீர்கள் என்று வாசகிகளிடம் கேட்டு வாங்கிப் போடுங்கள். என் வீட்டில் இன்றைக்கு 47-வது நாள். காலையிலேயே இருபது ரூபாய் போட்டாயிற்று.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
அம்பாசமுத்திரம்