ஆறு சின்னத் தொட்டி வேண்டாம், ஒரே ஒரு பெரிய தொட்டி வையுங்கள்: பழைய மாணவர் சங்கத்துக்கு ஒரு திறந்த மடல்

சங்கத்து அண்ணன்மார், அக்காமார் எல்லாருக்கும் வணக்கம்.

ஹட்டனில் நாம் படித்த பாடசாலைக்கு முருகைக்கல் தொட்டி (உயிருள்ள முருகைக்கல்லும் கடல்மீனும் வளர்க்கிற உப்புநீர்த் தொட்டி) வாங்கித் தரப்போகிறீர்கள் என்று கேட்டதும் மனசு நிறைந்துபோனது. தோட்டத்துப் பிள்ளைகளில் எத்தனை பேர் முருகைக்கல்லைப் புத்தகத்துப் படத்தில் மட்டும் பார்த்துவிட்டுப் பரீட்சை எழுதுகிறார்கள் என்று உங்களுக்கே தெரியும். ஆனால் ஆறு பெட்ச் (ஒரே வருடத்தில் படித்து வெளியேறியவர்கள் ஒரு பெட்ச்) சேர்ந்து ஆளுக்கொரு 60 லீற்றர் தொட்டி, ஆறும் ஆறு கட்டடத்தில், ஒவ்வொன்றிலும் அந்த பெட்ச்சின் பெயர்ப்பலகை என்று முடிவாகப் போகிறதாம். கொழும்பில் கடல்மீன் தொட்டிகளைப் பராமரிப்பதுதான் என் தொழில், அதனால் கூட்டத்துக்கு முன்பே சொல்லிவிடுகிறேன்: தயவுசெய்து அந்த முடிவை எடுக்காதீர்கள். அதே 360 லீற்றரை ஒரே தொட்டியாக வையுங்கள்.

முதலில் குளிர். கொழும்பில் எங்களுக்குத் தொட்டியைக் குளிர வைப்பதுதான் பெரும்பாடு, சில்லர் இல்லாமல் முருகைக்கல் நிற்காது. ஹட்டனில் எல்லாமே தலைகீழ். தொட்டி நீர் 24 முதல் 27 பாகை செல்சியஸுக்குள் இருக்க வேண்டும், ஆனால் தை மாத விடியற்காலையில் ஆய்வுகூடத்துக்குள் நின்றாலே கை விறைக்கும், ஆகவே இரவு முழுக்க ஹீட்டர்தான் கதி. ஒரே வடிவத்தில் ஆறு சின்னத் தொட்டி செய்தால் நீரின் அளவு ஒன்றுதான், ஆனால் சூடு வெளியேறும் பரப்பு மொத்தமாக ஏறக்குறைய 1.8 மடங்கு. அந்த மடங்கு அப்படியே கரண்ட் பில்லில் வந்து நிற்கும், அதைக் கட்டப்போவது சங்கமில்லை, பாடசாலை. கரண்ட் போனால் இன்னும் மோசம். 2022இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை வெட்டினார்களே, அப்படி இனி வராது என்றே வைத்துக்கொள்வோம், ஆனி ஆடிக் காற்றில் மரம் விழுந்து லைன் அறுவது நம் பக்கத்தில் புதுசா? சின்னத் தொட்டி சீக்கிரம் ஆறிப்போகும், பெரியது தாக்குப்பிடிக்கும். பற்றரியில் ஓடும் ஒரு காற்றுப் பம்பு பெரிய தொட்டியின் மீன்களை அந்த நேரம் காப்பாற்றும், ஆறு இடத்தில் ஆறு பம்பை யார் ஓடிப்போய் மாட்டுவது?

அடுத்தது உவர்த்தன்மை, இதைத்தான் பலரும் யோசிப்பதில்லை. நீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. சூடாக்கிய நீர் குளிர்ந்த அறையில் இருந்தால் ஆவியாவதும் கூடும், தொட்டி விளிம்பில் வெள்ளையாக உப்பு பூத்துக் கிடக்கும், நீர்மட்டம் விரல் அளவு இறங்கியிருக்கும். லீற்றருக்கு 35 கிராம் என்று கரைத்து வைத்த 60 லீற்றரில் நீண்ட விடுமுறை ஒன்றில் 3 லீற்றர் போனால் உவர்த்தன்மை கிட்டத்தட்ட 36.8 ஆகிவிடும். பெரிய தொட்டியின் மேற்பரப்பு பெரிது, அதில் 10 லீற்றர் போகும் என்றே வைத்துக்கொள்ளுங்கள், அப்போதும் 36தான். வெள்ளிக்கிழமை மணி அடித்துப் பூட்டினால் திங்கள்தான் திறக்கிற இடம் பாடசாலை. ஏப்ரல், ஆகஸ்ட், டிசம்பர் லீவுக்குக் காவலாளி ஐயாவிடம் ஒரு தொட்டியைக் காட்டி “இந்தக் கோடு வரைக்கும் நல்ல தண்ணீர் ஊற்றுங்கள், உப்புத் தண்ணீர் வேண்டாம்” என்று சொல்லலாம், அவர் செய்வார். தானாக நீர் நிரப்பும் கருவி ஒன்றும் பூட்டிவிடலாம். ஆறு கட்டடத்தில் ஆறு கருவி நடக்காது.

வேலையும் அப்படித்தான். உவர்த்தன்மை, காரத்தன்மை, கல்சியம், நைத்திரேற்று என்று வாரத்துக்கு நாலே நாலு சோதனை செய்தாலும் ஆறு தொட்டிக்கு 24 ஆகிறது. பாடம் எடுக்க நேரமில்லாமல் ஓடுகிற விஞ்ஞான சேர் ஒருவரின் தலையில் இதைக் கட்டாதீர்கள். ஒரு தொட்டி என்றால் பிள்ளைகளே முறை வைத்து அளந்து வரைபு போடுவார்கள், கழிவிலிருந்து வரும் அமோனியாவை நுண்ணுயிர்கள் படிப்படியாக மாற்ற, அமோனியா ஏறி இறங்கி, நைத்திரைற்று ஏறி இறங்கி, கடைசியில் நைத்திரேற்று நிற்பதைத் தொடங்கி நாலு ஆறு வாரத்துக்குள் கண்ணாலேயே பார்க்கலாம்.

சின்னத் தொட்டிக்கு நியாயமே இல்லை என்று நான் சொல்லவில்லை. கடற்குதிரைக்கு நீரோட்டம் குறைந்த தனித் தொட்டி நல்லது. டாம்சல் மாதிரி சண்டைக்கார மீனைப் பிரித்து வைக்கவும் அது உதவும். ஒரு தொட்டியில் வெண்புள்ளி நோய் வந்தால் மற்றது தப்பும், இது உண்மையிலேயே கனமான வாதம். ஆனால் அதற்கு ஆறு வேண்டியதில்லை. பெரிய தொட்டியோடு கூட, மணலோ கல்லோ இல்லாத ஒரு சின்ன வெறும் தொட்டி வாங்குங்கள். புதிதாக வரும் மீன் நாலு வாரமாவது அதில் தனியாக இருக்கட்டும். செம்பு கலந்த மருந்து முருகைக்கல்லையும் இறாலையும் நத்தையையும் கொன்றுவிடும் என்பதால் வைத்தியமும் அதில்தான் பார்க்க வேண்டும்.

பெரிய தொட்டி என்றதும் சர்ஜன் மீன் கேட்காதீர்கள், 360 லீற்றர் அதற்கு இறுக்கம். வளர்ப்பில் பெருக்கிய கோமாளி மீன் ஒரு ஜோடி போதும், பிள்ளைகள் அதையே விட்டு நகர மாட்டார்கள். கல்லுக்கு, செயற்கையாகச் செய்த வெறும் கல். நிலாவெளிக்கோ ஹிக்கடுவைக்கோ சுற்றுலா போய்க் கல்லைப் பையில் போட்டுக்கொண்டு வருவோம் என்று யாராவது சொன்னால் அங்கேயே தடுத்துவிடுங்கள். கல்முருகைகள் இந்த நாட்டில் சட்டத்தால் பாதுகாக்கப்பட்டவை. 1998இல் கடல் சூடேறி ஹிக்கடுவையிலும் கற்பிட்டிக்கு அப்பாலுள்ள பார் ரீஃபிலும் அவ்வளவு முருகை வெளுத்துச் செத்தது, மிச்சம் இருப்பதில் நாமும் கை வைக்கக் கூடாது.

பெயர்ப்பலகை ஆசையை நான் குறையாகச் சொல்லவில்லை. ஒரு பெட்ச் கண்ணாடி, ஒரு பெட்ச் விளக்கு, ஒரு பெட்ச் ஸ்கிம்மர் (நுரையாக்கிக் கழிவைப் பிரிக்கும் கருவி), ஒரு பெட்ச் ஹீட்டர் (ஒரு பெரியதை விட இரண்டு சின்னதாக எடுங்கள், ஒன்று பழுதானாலும் மற்றது ஓடும்), ஒரு பெட்ச் நீர் வடிகட்டி, ஒரு பெட்ச் முதல் வருட உப்பு என்று பிரித்தால் ஆறு பெயரும் ஒரே பலகையில் வரும். அவ்வளவுக்குப் பணம் சேராவிட்டால் முருகைக்கல்லே வேண்டாம், வகுப்புக்கொரு நன்னீர்த் தொட்டி வையுங்கள், அதுவும் பிள்ளைகளுக்குச் சந்தோஷம்தான்.

ஒரு விஷயம் கூட்டத்துக்கு முன்பே பார்க்க வேண்டும். நீர் மட்டும் ஏறக்குறைய 370 கிலோ, கண்ணாடி, கல், ஸ்டாண்ட் எல்லாம் சேர்ந்தால் அரை தொன் தாண்டும். பழைய கட்டடத்து மேல்மாடிப் பலகைத் தரையில் வைக்கவே கூடாது. கீழே ஆய்வுகூடத்தின் சீமெந்துத் தரையை, வெயில் நேராகப் படாத சுவரோரமாக, யாராவது அளந்து படத்தோடு அனுப்புங்கள், பக்கத்தில் பிளக் எங்கே, தண்ணீர்க் குழாய் எங்கே என்றும் குறியுங்கள். சாமான் பட்டியலை நான் எழுதித் தருகிறேன், பொருத்துகிற அன்றைக்குக் கொழும்பிலிருந்து நானே வந்து நிற்கிறேன், கூலி எதுவும் வேண்டாம்.

அன்புடன்,
உங்கள் பழைய மாணவன் ஒருவன்