டிசம்பர் மாதத்துச் சம்பளம்

யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கப் பாடசாலைகளின் அதிபர்களுக்கும் பழைய மாணவர் சங்கத்தாருக்கும்,

வணக்கம். சென்ற ஆண்டு பரிசளிப்பு விழா ஒன்றுக்கு நேரத்தோடு போய்விட்டேன். எந்தப் பாடசாலை என்பது இங்கே தேவையில்லை. நம்முடையதோ என்று ஒவ்வொருவரும் ஒரு நிமிடம் யோசித்தால் எனக்கு வருத்தமும் இல்லை.

மண்டபத்தில் கதிரைகளைத் துடைத்துக்கொண்டிருந்தவர் அங்கே ஒன்பது ஆண்டுகளாகக் கூட்டிப் பெருக்குகிறவர். விடுமுறைக்கு எங்கேயாவது போகிறீர்களா என்று பேச்சுக்குக் கேட்டு வைத்தேன். "விடுமுறை உங்களுக்குத்தான் ரீச்சர். பள்ளிக்கூடம் இல்லையென்றால் எனக்குச் சம்பளமும் இல்லை" என்றார். சொல்லிவிட்டு, வீட்டிலிருந்து கொண்டுவந்த தம்ளரில் தேநீரை வாங்கிக்கொண்டு குழாயடிக்குப் போய்விட்டார். விருந்தினருக்கென்று அடுக்கிய கோப்பைகளில் ஒன்றை அவர் தொடவில்லை. தொடாதே என்று யாரும் சொல்லவில்லை. எடுத்துக் குடியுங்கள் என்றும் யாரும் சொல்லவில்லை. ஒரு காலத்தில் சிலருக்குச் சிரட்டையில் தேநீர் கொடுத்த ஊர் இது. சமஆசனம், அதாவது பாடசாலையில் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் சமமாக உட்காருவது, என்ற சொல்லைக் கேட்டே கொதித்தெழுந்த ஊரும் இதுதான்.

அரைமணி நேரம் கழித்து ஒரு மாணவன் மேடையேறித் தொழிலாளரின் மாண்பு பற்றி அருமையாகப் பேசினான். முதற்பரிசும் பெற்றான்.

அவனைக் குறை சொல்ல மாட்டேன். அந்தப் பேச்சில் பாதி நான் இருபத்திரண்டு ஆண்டுகள் மறைக்கல்வி வகுப்பில் சொல்லிக்கொடுத்ததுதான். திருத்தந்தை 13ஆம் சிங்கராயர் (லியோவை நம் பெரியவர்கள் அப்படித்தான் சொல்வார்கள்) தொழிலாளர் நிலை பற்றி 1891இல் எழுதிய 'ரேரும் நோவாரும்' சுற்றுமடலை ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதிப்போட்டேன். அந்தக் கரும்பலகையைத் துடைத்தவருடைய சம்பளம் எவ்வளவு என்று ஒருநாளும் கேட்டதில்லை.

இப்போது கேட்டால், "அவர் ஒத்துக்கொண்டுதானே வருகிறார்?" என்கிறீர்கள். அந்தச் சாக்குக்கு அந்த மடலிலேயே பதில் இருக்கிறது. இருவரும் மனமொத்துப் பேசிக்கொண்ட கூலி என்பதாலேயே அது நீதியான கூலி ஆகிவிடாது. சிக்கனமாக வாழும் தொழிலாளி ஒருவர் பிழைக்கப் போதாத கூலியை, வேறு வழியில்லாமல் அவர் ஏற்றுக்கொண்டால், அவர் வன்முறைக்கும் அநீதிக்கும் ஆளாகிறார். வன்முறை என்ற சொல் என்னுடையதல்ல, திருத்தந்தையுடையது. இன்றைய திருத்தந்தை 2025இல் லியோ என்ற பெயரைத் தேர்ந்ததற்கு அந்த மடலையே முக்கிய காரணமாகச் சொன்னார். அவருடைய படத்தை அலுவலகங்களில் உடனே மாட்டிவிட்டோம்.

நாட்டின் சட்டமும் இருக்கிறது. ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழில் கொடுப்பவர் நூற்றுக்கு 12, தொழிலாளி 8. ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்குத் தொழில் கொடுப்பவர் இன்னும் 3. நாட்கூலி என்பதற்காக இது இல்லாமல் போகாது. சிறிய தரும நிறுவனங்களுக்கு விலக்கு உண்டென்று கணக்காளர் யாராவது காதில் ஓதலாம். ஏழைகள் மேல் தனி அக்கறை வேண்டும் என்று 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் கத்தோலிக்கக் கல்வியைப் பற்றி எழுதி வைத்திருக்க, நாம் தேடுவது விலக்கையா?

பணமில்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். 1960, 61இல் அரசாங்கம் பாடசாலைகளைப் பொறுப்பேற்றபோது கட்டணம் வாங்காமலே தனித்து நின்றவர்கள் அப்படிச் சொல்லியிருந்தால் நான் தலையாட்டியிருப்பேன். இன்று கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் வரும் பணத்தில் விளையாட்டரங்கு எழும்புகிறது. பெரும்போட்டிக்கு வாண வேடிக்கை நடக்கிறது. கிரிக்கெட் எனக்கும் பிடிக்கும்.

கேட்பது இரண்டுதான். ஆகஸ்ட், டிசம்பர் விடுமுறைகளிலும் சிற்றூழியருக்குச் சம்பளம் கொடுங்கள். அடுத்த பொதுக்கூட்டத்துக் கணக்கறிக்கையில் அவர்களின் சம்பளத்தையும் சேமலாப நிதியையும் தனி வரியாகக் காட்டுங்கள். 'இதர செலவு' என்பதற்குள் தள்ளிவிடாதீர்கள்.

கதிரை துடைத்த அந்த அம்மாவின் வீடு எங்கள் ஒழுங்கையின் கடைசியில் இருக்கிறது. டிசம்பருக்கு முன் முடிவைத் தெரிவித்தால் நானே நடந்துபோய்ச் சொல்லிவிடுவேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மறைக்கல்வி ஆசிரியை ஒருவர்
யாழ்ப்பாணம்