தாய்மார் சங்கச் செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் மழையைப் பொருட்படுத்தாமல் வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். மாதக் கூட்டங்கள் வழக்கம்போல் நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

இந்த ஆண்டு நம் வேலை பெரும்பாலும் சின்னப் பிள்ளைகளின் வயிற்றுப்போக்கைச் சுற்றியே இருந்தது. பேதிக்குத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்கும் உப்பு-சர்க்கரைப் பொடியான ஓ.ஆர்.எஸ். பற்றி இனி யாருக்கும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஒரு பாக்கெட்டுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், கலந்ததை ஒரு நாளுக்கு மேல் வைக்கக் கூடாது என்று எஸ்டேட் லைன் வீட்டுப் பாட்டிமாரே மருமகள்களுக்குச் சொல்கிறார்கள். தண்ணீரைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. உதகை 2,200 மீட்டருக்கு மேல் இருக்கிறது. இங்கே தண்ணீர் 100 டிகிரியை எட்டும் முன்பே கொதித்துவிடும். அதனால் கொதி வந்த உடனே இறக்காமல் மூன்று நிமிடம் விடுங்கள்.

இழுபறி எல்லாம் பேதிக்கு ஓ.ஆர்.எஸ்.ஸோடு கொடுக்கும் துத்தநாக (ஜிங்க்) மாத்திரையில்தான். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை தினம் 20 மில்லிகிராம், அதாவது ஒரு மாத்திரை. இரண்டு மாதம் முதல் ஆறு மாதம் வரை அரை மாத்திரை. மொத்தம் 14 நாள். ஆனால் பேதி நின்ற மறுநாளே மீதி மாத்திரை அட்டை சாமி படத்துக்குப் பின்னால் போய்விடுகிறது. கேட்டால், "அடுத்த தடவைக்கு ஆகுமே" என்கிறார்கள். பேதியோடு உடம்பிலுள்ள துத்தநாகமும் போய்விடுகிறது; குடலின் உள்தோல் ஆறுவதற்கு அதுதான் தேவை. முழுதாகக் கொடுத்தால் அடுத்த இரண்டு மூன்று மாதத்தில் பேதி திரும்ப வரும் வாய்ப்பும் குறையும். மிச்சம் பிடிப்பதில் லாபமில்லை.

இதற்கு வழி சொன்னது நம் உறுப்பினர் ஒருவரின் மாமியார். மாத்திரை அட்டையைத் தினசரி காலண்டரோடு கிளிப் போட்டு மாட்டிவிட்டார். காலையில் தேதி கிழித்ததும் ஒரு மாத்திரை, ஸ்பூனில் கொஞ்சம் தாய்ப்பால் விட்டுக் கரைத்துப் பேரனுக்கு. அவன் முகத்தைச் சுளிப்பான், பாதியைத் துப்பவும் பார்ப்பான். பாட்டி விடுவதாக இல்லை. கூட்டம் போட்டு நாங்கள் பேசியதைவிட இது நன்றாக வேலை செய்தது.

மழை மாதத்தில் மருந்து கொடுக்கும் ஓரிடத்தில் ஓ.ஆர்.எஸ். மட்டும் கொடுத்து, துத்தநாக மாத்திரை தீர்ந்துவிட்டது என்று அனுப்பினார்கள். மனு கொடுத்திருக்கிறோம்.

எல்லாப் பிள்ளைகளுக்கும் சங்கச் செலவில் சத்துப்பொடி வாங்கலாம் என்ற யோசனையைச் செயற்குழு ஏற்கவில்லை. காரணம், பாகிஸ்தானின் சிந்து மாகாணத்தில் நடந்து 2013இல் வெளியான ஆய்வில், இரும்பு கலந்த சத்துப்பொடி சாப்பிட்ட பிள்ளைகளுக்கு ரத்தசோகை குறைந்தது, பேதியோ கூடியது. அதற்காக நர்ஸம்மா கொடுக்கும் இரும்புச்சத்து மருந்தை நிறுத்திவிடாதீர்கள். வாரம் இருமுறை ஒரு மில்லி கொடுக்க வேண்டியதுதான். உடம்பு சரியில்லாத நாட்களில் மட்டும் விட்டுவிட்டு அப்புறம் தொடருங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை கொடுக்கும் வைட்டமின் ஏ திரவத்தையும் நிறுத்திவிடாதீர்கள். கேரட் விளைகிற ஊரில் இது எதற்கு என்று கேட்பவர்கள், மேட்டுப்பாளையம் மண்டிக்கு மூட்டை மூட்டையாகப் போவதில் நம் பிள்ளைகள் தட்டில் எவ்வளவு விழுகிறது என்று பார்க்கலாம்.

வரும் ஆண்டில் பிள்ளையுள்ள எல்லா வீட்டுக்கும் காலண்டரும் கிளிப்பும் கொடுக்கப் பொதுக்குழுவின் ஒப்புதல் கேட்கிறேன். சந்தா பாக்கி உள்ளவர்கள் டீ குடிக்கப் போகும் முன் பொருளாளரைப் பார்த்துவிட்டுப் போகவும்.