வடசென்னை டியூஷன் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

வண்ணாரப்பேட்டையிலிருந்து எண்ணூர் வரை மாலை நேரத்தில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கும் சார்களுக்கும் மிஸ்களுக்கும் வணக்கம்.

'ஐ ஆம், யூ ஆர், ஹீ இஸ்' என்ற கோரஸ் உங்கள் வகுப்புகளிலிருந்து தெருமுனை வரை கேட்கிறது. ஒப்பித்து முடித்த அதே பிள்ளை அடுத்த நிமிடம் 'மை பிரதர் கோ டு ஹார்பர்' என்கிறது. உடனே இம்போசிஷன். என் வேண்டுகோள் ஒன்றுதான்: அட்டவணையை எடுக்கும் முன் பிள்ளையின் வாயில் இருக்கும் தமிழை எடுங்கள்.

காசிமேட்டில் எந்தக் குழந்தையும் 'அக்கா வர்றான்' என்று சொல்லாது. 'வந்தேன்' என்றால் நான், 'வந்தாள்' என்றால் அவள். எழுவாயை விழுங்கிவிட்டாலும் விகுதி ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். ஆக, எழுவாயும் வினையும் ஒத்துப்போக வேண்டும் என்பது அதற்குப் புதுச் சங்கதியே இல்லை. ஆங்கிலத்தில் அந்த விகுதிகள் பெரும்பாலும் உதிர்ந்துவிட்டன. 'வென்ட்' என்றால் போனது யார்? தெரியாது. அதனால் எழுவாயைச் சொல்லியே தீர வேண்டும். மழை பெய்தால்கூட முன்னால் ஒரு 'இட்' போட வேண்டும். (மலையாள வினையிலும் ஆளைக் காட்டும் விகுதி இல்லை. டீக்கடைச் சேட்டனைக் கேளுங்கள்: ஞான் வந்நு, அவள் வந்நு, எல்லாம் ஒரே வந்நு.)

மிச்சம் இருப்பது நிகழ்காலத்தில் ஹீ, ஷீ, இட் மூன்றுக்கும் வரும் அந்த 'ஸ்'. பாதிச் சண்டை இங்கேதான். பெயரோடு ஒட்டினால் அது பன்மை, வினையோடு ஒட்டினால் ஒருமை: 'பாய்ஸ் ரன்', 'பாய் ரன்ஸ்'. நிறையப் பேர் ஓடுகிறார்கள் என்று நினைத்துப் பிள்ளை 'பாய்ஸ் ரன்ஸ்' என்று எழுதினால், அது கவனக்குறைவு இல்லை, நியாயமான கணக்கு. இந்த முரணை வாய்விட்டுச் சொல்லிக்கொடுங்கள். அப்புறம், 'டஸ்' வந்தால் அந்த 'ஸ்'ஸை அதுவே வாங்கிக்கொள்ளும். 'ஹீ டஸ் நாட் கோ' என்பதில் 'கோ' மொட்டையாகத்தான் நிற்கும். கேன், வில், மஸ்ட் எவருக்கும் வளையாது.

எதிரே நிற்பது ஒரே ஆள், ஏன் 'யூ ஆர்' என்று பிள்ளை கேட்டால் 'ரூல் அப்படி' என்று வாயை அடைக்காதீர்கள். ஒருமைக்கு முன்பு 'தௌ' இருந்தது, 'தௌ ஆர்ட்' என்றார்கள். பன்மையான 'யூ'வை மரியாதைக்காக ஒருவரிடமும் சொல்லப்போய், 'தௌ' பேச்சு வழக்கில் பெரும்பாலும் மறைந்துவிட்டது. பன்மை வினை மட்டும் தங்கிவிட்டது. 'சார், நீங்க சாப்ட்டீங்களா' என்று தினம் கேட்கும் பிள்ளைக்கு இது சட்டென்று பிடிபடும்.

இங்கிலாந்திலேயே நார்ஃபோக் பக்கத்துப் பழைய பேச்சில் 'ஷீ கோ' என்றுதான் சொல்வார்கள். பரீட்சைக்கு 'ஷீ கோஸ்' வேண்டும், சரி. ஆனால் பேசும்போது ஒரு 'ஸ்' விட்டுப்போனதற்காகப் பிள்ளையைப் பாதி வாக்கியத்தில் நிறுத்தாதீர்கள். சொல்லி முடிக்கட்டும், பிறகு திருத்துங்கள்.

இப்படிக்கு,
தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு பெற்றோர்