எரித்த பூவரசும் ஏழு வளையங்களும்

ஐயா,

மின்கம்பியில் உரசுகிறது என்று எங்கள் தெருமுனைப் பூவரசின் கிளைகளைச் சென்ற மாதம் வெட்டினார்கள். அவற்றில் இரண்டு நல்ல கால் கனம். "எனக்குக் கொடுங்கள் தம்பி" என்று கேட்டேன். "கொடுக்க உத்தரவு இல்லை சார்" என்றார்கள். மறுநாள் அதே கட்டைகள் குப்பைமேட்டில் புகைந்துகொண்டிருந்தன.

பஸ் பணிமனையில் 31 ஆண்டுகள் டர்னராக இருந்து ஓய்வுபெற்றவன் நான். இரும்பு கடைந்த கை சும்மா இருக்குமா? திண்ணையில், கட்டையைச் சுழலவிட்டு உளியால் செதுக்கும் சிறிய லேத் ஒன்றைப் போட்டு மரம் கடைகிறேன். பேத்திக்காக, கம்பில் கோத்து அடுக்கும் ஏழு வளையங்கள். அடுக்கினால் கூம்பாக நிற்க வேண்டும். அடி வளையம் 9 செ.மீ., உச்சி வளையம் 4 செ.மீ. அதற்கும் சிறிதாக்க மனம் வரவில்லை. எதைக் கொடுத்தாலும் அவள் முதலில் வாயில்தான் வைக்கிறாள்.

முழுக் கூம்பைக் கடைந்துவிட்டு ஏழாக வெட்டினால் போதும் என்றுதான் முதலில் நினைத்தேன். வெட்டும் உளி ஒவ்வொரு முறையும் 3 மி.மீ. மரத்தைத் தின்றுவிட்டது. அடுக்கியபோது வளையத்துக்கு வளையம் சரிவு சேராமல் அரை மி.மீ. படிபோல் நின்றது. என் கண்ணுக்குத் தப்பியது. பேத்தியின் விரல் அங்கே தட்டி நின்றது. இப்போது கட்டையில் முதலில் துளையிட்டு, ஏழாக வெட்டி, எல்லாவற்றையும் ஒரே முளையில் இறுகக் கோத்து, அதன் பிறகே சரிவை ஒரே இழுப்பில் கடைகிறேன். சுழலும் மரத்தில் அரக்குக் குச்சியை அழுத்தினால் உராயும் சூட்டிலேயே உருகி ஏறும். தாழை மடலால் தேய்த்தால் மினுங்கும். இது அம்பாசமுத்திரத்தில் சொப்புச் சாமான் கடையும் பெரியவர் ஒருவர் சொல்லிக்கொடுத்தது.

மரக்கடையில் கிடைப்பது நிலைக்கும் கதவுக்கும் அறுத்த பலகை. அதில் வளையம் கடைந்தால் இழை குறுக்கே ஓடும். சுற்றில் இரண்டு இடத்தில் உளி பிய்த்துவிடும். உருண்டைக் கிளையில் இழை நெடுக்கே ஓடுவதால் உளி வழுக்கிக்கொண்டு போகும். கிளை என்றால் வெடிக்குமே என்பார்கள். வெடிப்பு பெரும்பாலும் கட்டையின் நட்ட நடுவில் இருக்கும் நெஞ்சிலிருந்து கிளம்புவது. வளையத்தின் துளை அந்த நெஞ்சையே எடுத்துவிடுகிறது. வெட்டிய கையோடு இரு முனையிலும் மெழுகு பூசி, நன்றாகக் காயும்வரை நிழலில் போட்டுவைத்தால் போதும்.

இலவசமாகக் கேட்கவில்லை. கிளை கழிக்கும் நாளை முன்கூட்டியே தெருவில் சொல்லட்டும். கட்டைகளை ஓரமாக இரண்டு நாள் விட்டுவைத்து, ரசீது போட்டு விறகு விலைக்கு விற்கட்டும். வாங்க ஆள் வராவிட்டால் அப்புறம் என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளட்டும்.

புகைந்த குவியலிலிருந்து ஒரு சாண் துண்டை இழுத்து வந்தேன். ஒரு முனை கரி. மறுமுனையில் மூன்று வளையம் தேறும். இன்னும் நான்கு வேண்டும்.

- ஓய்வுபெற்ற டர்னர்,
தென்காசி மாவட்டம்