திருக்கடையூர் முதல் வேதாரண்யம் வரை: எங்கள் நன்றி

எல்லாருக்கும் வணக்கம்.

என் வீட்டுக்காரர் மின்வாரியத்தில் 34 வருஷம் வேலை பார்த்து, போன ஆகஸ்ட் 31இல் ஓய்வு பெற்றார். அவர் பிறந்த விசுவாவசு வருஷமும் 60 ஆண்டு சுற்றி வந்து நின்றது. மகளுக்கு ஏழாம் மாதம். எல்லாம் ஒரே ஆவணியில். மகள் பயணம் செய்யக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால், மணிவிழாவை நாங்கள் இரண்டு பேர் மட்டும் திருக்கடையூரில் முடித்துக்கொண்டு, அப்படியே நாலு ஊர் பார்த்து வரலாம் என்று கிளம்பினோம். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் ஊர் சுற்ற என்று நாங்கள் போனதே இல்லை. தீபாவளி, பொங்கல், புயல் எதுவானாலும் அவர் லைனில்தான் இருப்பார்.

முதல் நன்றி அந்த ஆட்டோ தம்பிக்கு. விடிகாலையில் பட்டுப்புடவை, பழத்தட்டு, ஒரு பழைய எவர்சில்வர் தூக்குவாளி (அதன் கதை பின்னால் வருகிறது) என்று எல்லாவற்றையும் சரிபார்த்து எடுத்துக்கொண்டு கோயிலுக்கு வந்துவிட்டோம். குருக்கள் தாலியைக் கேட்டபோதுதான், டப்பா லாட்ஜ் தலையணைக்குக் கீழேயே இருப்பது நினைவுக்கு வந்தது. எனக்குக் கை கால் ஓடவில்லை. வாசலில் நின்ற தம்பி சாவியை வாங்கிக்கொண்டு போய், கால் மணி நேரத்தில் டப்பாவோடு வந்து நின்றார். பணம் நீட்டினேன். "தாலி எடுத்துட்டு வந்ததுக்குக் காசா? போங்கம்மா, உள்ள கூப்பிடறாங்க" என்றார்.

அடுத்தது, பக்கத்து ஹோமத்துக் கோயமுத்தூர்க் குடும்பம். பிராகாரம் முழுக்க மாலை போட்ட ஜோடிகள். ஒவ்வொரு ஜோடிக்கும் பின்னால் ஒரு வேன் நிறையச் சொந்தபந்தம். எங்களுக்குக் கலசத் தண்ணீர் ஊற்ற ஆள் இல்லை. அதைப் பார்த்துவிட்டு அந்த அம்மா, "நாங்க ஊத்தறோமுங்க" என்று தன் பேரன் பேத்திகளையும் கூட்டிக்கொண்டு வந்தார். சல்லடை வழியாக வந்த தண்ணீரில் என் அழுகை யாருக்கும் தெரிந்திருக்காது. மார்க்கண்டேயனுக்காகச் சிவன் எமனை உதைத்த தலம் அது. கம்பம் ஏறுகிறவருக்கு எமன் 11 கே.வி. (11,000 வோல்ட்) கம்பியில்தான் உட்கார்ந்திருப்பான். 34 வருஷம் அந்தக் கம்பிகளுக்கு நடுவிலிருந்து அவர் முழுசாக வீடு வந்து சேர்ந்ததற்கு அபிராமிக்கும் ஒரு கும்பிடு.

தரங்கம்பாடியில் 1620இல் டேனிஷ்காரர்கள் கட்டத் தொடங்கிய கோட்டையைப் பார்த்தோம். என் முழங்கால் வலியைக் கவனித்துத் தன் நாற்காலியைக் கொடுத்த டிக்கெட் கவுன்டர் அக்காவுக்கு நன்றி. இவர் எங்கே பீரங்கியைப் பார்த்தார்? வெளியே தெருக் கம்பத்தை அண்ணாந்து பார்த்து, "ஜம்பர் லூசா இருக்கு" என்று, கம்பத்தில் கம்பிகளை இணைக்கிற துண்டுக் கம்பியைப் பற்றி முணுமுணுத்துக்கொண்டிருந்தார். கடலை ஒட்டி 1306இல் எழுந்த மாசிலாமணிநாதர் கோயிலில், அலை அரித்தது போக மிஞ்சியதைப் பார்த்தபோதுதான் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார்.

ஆனால் இந்தக் கடிதம் எழுத உட்கார்ந்ததே வேதாரண்யத்துக்குப் பக்கத்தில் உப்பளம் தாண்டி இருக்கிற அக்காவுக்காகத்தான். ராஜாஜி 1930இல் உப்புக்காகத் திருச்சியிலிருந்து நடந்தே போன ஊர் அது. லால்குடியிலிருந்து வந்த நாங்கள் போனதோ 7 வருஷம் பாக்கி வைத்திருந்த ஒரு பாத்திரத்துக்காக.

2018 நவம்பர் 16 விடிகாலையில் கஜா புயல் கரையேறியது. லட்சத்துக்கும் மேல் கம்பங்கள் சாய்ந்தன. எல்லா மாவட்டத்திலிருந்தும் ஆள் அனுப்பினார்கள், இவரும் போனார். முட்டியளவு சேற்றில் கம்பத்தைத் தோளில் சுமக்கிற வேலை. போனும் சரியாக எடுக்காது. சாப்பிட்டாரா, தூங்கினாரா என்று தெரியாமல் நான் இங்கே கிடந்தேன். 23 நாள் கழித்துக் கறுத்துப்போய் வந்தவர் கையில் எங்களுடையது இல்லாத ஒரு தூக்குவாளி. "ஒரு அக்கா தினமும் கஞ்சி கொடுத்தாங்க. கிளம்புற அன்னிக்கு வழிக்குன்னு புளிச்சோறு" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

இந்த முறை நேரில் பார்த்தேன். அந்த வீட்டுக் கூரை அப்போது பறந்திருந்ததாம், தென்னை அத்தனையும் விழுந்து கிடந்ததாம். அந்த நிலைமையில்தான் வெளியூர் ஆட்கள் எட்டுப் பேருக்குக் கஞ்சி காய்ச்சி ஊற்றியிருக்கிறார். "கரண்டு குடுக்க வந்த புள்ளைங்க, பசியோட விடுவாங்களா?" என்று என்னையே திருப்பிக் கேட்டார். அதற்கு நான் என்ன சொல்ல? கையைப் பிடித்துக்கொண்டேன். புயலுக்குப் பின் வைத்த தென்னையில் இளநீர் வெட்டிக் கொடுத்தார். இவர் சும்மா இருக்காமல் மீட்டர் பெட்டியைத் திறந்து பியூஸ் கட்டையைச் சரி செய்து கொடுத்தார். ஓய்வு பெற்று முழுசாகப் பத்து நாள்கூட ஆகவில்லை!

பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்று தூக்குவாளி நிறைய அதிரசம் சுட்டுக் கொண்டு போயிருந்தேன். அக்கா அதைத் தட்டில் கொட்டிக்கொண்டார். நாங்கள் பஸ் ஏறுகிற நேரத்தில் ஓடிவந்து, மகளுக்கென்று முருங்கைக்கீரையும் பிள்ளைத்தாய்ச்சிக்கு நல்லது என்று கொஞ்சம் கறுப்பு உளுந்தும் போட்டு, அதே தூக்குவாளியை ஜன்னல் வழியாக என் மடியில் வைத்துவிட்டார்.

அக்கா, உளுந்து மகளிடம் போய்ச் சேர்ந்துவிட்டது. தூக்குவாளி மறுபடியும் எங்கள் வீட்டு அலமாரியில்தான் இருக்கிறது.