சாவியைக் கொடுத்து விடு

திருகோணமலை,
ஆனி மாதக் கடைசி

அன்பின் சாந்தி,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை கிடைத்தது. ஓய்வு எடுத்த கையோடு ஊருக்கே திரும்பி வருகிறாய், பூட்டிக் கிடக்கும் அம்மாவின் வீட்டைத் திறந்து அதிலேயே இருக்கப்போகிறாய் என்று வாசித்ததும் இவரைக் கூப்பிட்டு அந்த வரியை இரண்டு தரம் உரக்க வாசித்துக் காட்டினேன். எத்தனை வருஷத்துக்குப் பிறகு! பின்னேரம் கடற்கரைக்குப் போக இனி எனக்கு ஆள் இருக்கிறது.

ஆனால் இரண்டாம் பக்கத்தில் நீ எழுதியிருந்த பட்டியலைப் பார்த்ததும் மனசு கேட்கவில்லை. கட்டில், அலுமாரி, சாப்பாட்டு மேசை, திரைச்சீலை, சட்டி பானை என்று எல்லாவற்றையும் கொழும்பில் புதிதாக வாங்கி லொறியில் ஏற்றப்போகிறாயாம். கொஞ்சம் பொறு. இந்தக் கடிதத்தை வாசித்து முடிக்கும் வரைக்காவது ஒன்றும் வாங்காதே.

காசு மிச்சம் என்பது ஒரு பக்கம். ஓய்வூதியத்தில் இருக்கப்போகிறவளுக்கு அதுவும் பெரிய விஷயம்தான். அதைவிட, நீ வெள்ளவத்தையில் மாடி வீட்டில் இருந்து பழகிவிட்டாய், இங்கத்தைய காற்றை மறந்திருப்பாய். கடையில் பளபளவென்று நிற்கிற அலுமாரிகளில் பல, மரத்தூளைப் பசை போட்டு அழுத்திச் செய்த பலகைதான். ஐப்பசி கார்த்திகை மழைக்கு ஈரம் குடித்து அடிப்பக்கம் ஊதிவிடும். ஊதினால் ஆணி பிடிக்காது, கதவு தொங்கும், பிறகு அதைத் திருத்தவே முடியாது. என் மகள் கல்யாணத்துக்கு அப்படி ஒன்று வாங்கினோம். இரண்டாவது மாரியோடு அதன் கதை முடிந்தது.

இப்போது எங்கள் அறையில் நிற்பது முதிரை என்ற கெட்டி மரத்தில் செய்த அலுமாரி. பழைய தளபாடம் வாங்கி விற்கிற ஒருவரின் கொட்டகையில், பச்சைப் பெயின்ட் பூசி, ஒரு கால் உடைந்து, கோழி முட்டையிட்டுக் கிடந்தது. பன்னிரண்டாயிரம் சொன்னார், ஒன்பதுக்குத் தந்தார். இரண்டு பேர் தூக்க முடியவில்லை, நாலு பேர் வேண்டியிருந்தது. அந்தப் பாரத்திலேயே எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. பழைய மரச்சாமான் பார்க்கும்போது முன்பக்கத்தைப் பார்க்கவே கூடாது. முதலில் குனிந்து அடிப்பக்கம் பார்க்க வேண்டும். கீழே அரிசிமா கொட்டியதுபோல் தூள் இருந்தால் உள்ளே உளுப்பூச்சி வேலை செய்கிறது, விட்டுவிட வேண்டும். பிறகு விரல் முட்டியால் பின்பலகையைத் தட்டிக்கொண்டே போக வேண்டும். சத்தம் ஓரிடத்தில் பொத்தென்று மாறினால் கறையான் தின்ற இடம். கீறலும் பெயின்டும் ஒரு குறையே இல்லை. மூன்று நாள் சாண்ட் பேப்பர் போட்டுத் தேய்த்தோம். நாலாம் நாள் காலை வெயிலில் அந்த மஞ்சள் மரம் பட்டுச்சேலை மடிப்பு மாதிரி மினுங்கியதைப் பார்த்து இவர் வேலையை நிறுத்திவிட்டு அப்படியே நின்றார். பூச்சே வேண்டாம், மெழுகு மட்டும் போதும் என்று முடிவு செய்தோம்.

என் தையல் மெஷினைப் பற்றி உனக்குச் சொல்லவில்லையே. கையால் சுற்றுகிற பழைய சிங்கர். ஒரு வீட்டில் தண்ணீர்க்குடம் வைக்கிற முக்காலியாகப் பாவித்துக்கொண்டிருந்தார்கள், அதன் மரப்பெட்டி மூடியோடு! சில்லு அசையவே இல்லை. அந்த வீட்டு அக்கா, 'துருப்பிடிச்சுப் போச்சு, இரும்புக்காரனுக்குத்தான் சரி' என்றார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஊசி ஏறி இறங்குகிற தண்டைத் தொட்டுப் பார்த்தேன், விரலில் பிசின் மாதிரி ஒட்டியது. யாரோ தேங்காய் எண்ணெய் விட்டிருக்கிறார்கள். அது காலப்போக்கில் இறுகிப் பசையாகிவிடும், இரும்பு இரும்போடு ஒட்டிக்கொள்ளும். துரு வேறு, இது வேறு.

அடிப்பலகையில் கீழ்நூல் சுற்றுகிற வட்ட பொபின் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டேன். இதைவிடப் பழைய மெஷின்களில் படகு வடிவச் சட்டிலும் பென்சில் மாதிரி நீள பொபினும் வரும். தைக்க நன்றாகத்தான் இருக்கும், ஆனால் பொபின் தொலைந்தால் தேடி அலைய வேண்டும். வட்ட பொபின் இங்கே தையல் சாமான் கடையிலேயே கிடைக்கும். ஐயாயிரம் கொடுத்துத் தூக்கிக்கொண்டு வந்தேன். எண்ணெய்த் துளை ஒவ்வொன்றிலும் இரண்டு சொட்டு மண்ணெண்ணெய் விட்டு ஓர் இரவு வைத்தோம். காலையில் சில்லு கால்வாசி திரும்பியது. மறுபடி விட்டோம். கறுப்பாக ஒழுகி வந்ததைப் பழந்துணியால் துடைத்துத் துடைத்து, மூன்றாம் நாள் மெஷின் எண்ணெய் போட்டுச் சுற்றினேன். 'டிக் டிக்' என்று அம்மாவின் மெஷின் சத்தம் அப்படியே வந்தது. ஸ்கொட்லாந்தில் கிளைட்பாங்க் என்ற ஊரில் சிங்கரின் பெரிய தொழிற்சாலை இருந்தது, 1980இல் மூடிவிட்டார்கள். அங்கே செய்த மெஷின் இது. செய்த இடம் இல்லாமல் போய்விட்டது, மெஷின் என் விறாந்தையில் ஓடுகிறது. திருப்புளி ஒன்று இருந்தால் முழுதாகக் கழற்றிப் பூட்டலாம், அப்படித்தான் செய்திருக்கிறார்கள். அதனால்தான் எனக்கு இந்தப் பழைய சாமான்களில் இவ்வளவு பிரியம்.

உன் திரைச்சீலைக்கு வருகிறேன். நிலாவெளிப் பக்கத்து ஓட்டல்களில் கழித்துவிடுகிற வெள்ளை பெட்ஷீட்டுகளை ஒரு தம்பி மூட்டையாக எடுத்து வந்து விற்பார். கனமான பருத்தி. விரித்து வெயிலுக்கு நேரே பிடித்தால் போதும்: ஆட்கள் படுத்துப் படுத்து நடுப்பக்கம் மெலிந்து வெளிச்சம் சல்லடையாய் விழும், இரண்டு ஓரமும் புதுத்துணி மாதிரி கெட்டியாக இருக்கும். நடுவே நீளவாக்கில் கிழித்து, கெட்டியான ஓரங்கள் இரண்டையும் நடுவுக்குக் கொண்டுவந்து தைத்துவிட்டால் அந்த பெட்ஷீட் இன்னும் பல வருஷம் உழைக்கும். மெலிந்த பக்கம் மெத்தைக்கு அடியில் போய்விடும். திரைக்கு என்றால் ஓரத்துண்டுகளை மட்டும் எடுப்பேன். நிறத்துக்கு மஞ்சள் போட்டுப் பார்த்தேன், எடுத்த எடுப்பில் அவ்வளவு அழகு, ஆனால் சன்னல் வெயிலில் ஒரு மாதத்தில் வெளுத்துவிட்டது. தேயிலைச் சாயம் நிற்கிறது. ஒரு கிழமையாகத் தேநீர் வடித்த சக்கையைக் காயவைத்துச் சேர்த்து, பெரிய பானையில் கொதிக்கவிட்டு, துணியை இரவு முழுக்க ஊறவிடுவேன். காய்ந்த தேங்காய் மட்டையின் நிறம் வரும். உனக்கென்று ஆறு துண்டு சாயம் போட்டு மடித்து வைத்திருக்கிறேன்.

மீதித் துண்டுகளில் பை தைக்கிறேன். நம் ஊர் மான்களை நினைவிருக்கிறதா? இப்போது பிரட்டெரிக் கோட்டைக்குள் மட்டும் இல்லை, டவுனுக்குள்ளேயே கூட்டமாகத் திரிகின்றன. குப்பையில் கிடக்கிற பொலித்தீன் பைகளைச் சாப்பாட்டு வாசத்துக்குத் தின்றுவிடுகின்றன, சாந்தி. ஒரு நாள் காலை எங்கள் படலைக்கு முன்னால் ஒரு பெண்மான் நீலப் பையை மென்றுகொண்டு நின்றது. நான் ஓடிப்போய் இழுக்க முதல் விழுங்கிவிட்டது. அன்றிலிருந்து கடைக்குத் துணிப்பைதான். பக்கத்து வீடுகளுக்கும் தைத்துக் கொடுத்தேன். இதே மான்களுக்குப் பயந்துதான் வல்லாரையையும் பொன்னாங்காணியையும் விறாந்தைக் கூரையில் உறி கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். சட்டி எல்லாம் மூதூர்த் தயிர் வந்த முட்டிகள். அடியில் ஆணியால் மெதுவாகத் துளைபோட வேண்டும், தண்ணீரில் ஊறவைத்துவிட்டுத் துளைத்தால் வெடிக்காது.

சமையலுக்கு நீ என்ன செய்யப்போகிறாய்? மின்சார அடுப்பு ஒன்றும் பட்டியலில் கண்டேன். அது உன் விருப்பம். நாடே நெருக்கடியில் தவித்த 2022ஐ நான் மறக்கவில்லை. 12.5 கிலோ காஸ் சிலிண்டர் 5,000 ரூபாயை நெருங்கியது, அந்த விலைக்கும் கிடைக்கவில்லை. மண்ணெண்ணெய் லீட்டர் 87 ரூபாயாக இருந்தது, ஆவணியில் ஒரே இரவில் 340 ஆனது. அப்போது இவர் ஒரு பழைய பெயின்ட் வாளியில் மரத்தூள் அடுப்பு செய்தார். அடியில் பக்கவாட்டில் ஒரு ஓட்டை, நடுவில் நிமிர்த்தி ஒரு போத்தல், ஓட்டை வழியாக அந்தப் போத்தலைத் தொடும்படி ஒரு தடி. சுற்றிலும் மரத்தூளைப் போட்டுப் போட்டு இடித்து இறுக்க வேண்டும். இறுகினால்தான் போத்தலையும் தடியையும் உருவும்போது சரியாமல் நிற்கும். கீழே நெருப்பு வைத்தால் தூள் உள்ளிருந்து மெல்ல எரிந்துகொண்டே வரும். சோறு, பருப்பு, ஒரு கறி, குளிக்க வெந்நீர், எல்லாம் ஒரே நிரப்பலில். மரம் அரிகிற இடத்தில் தூள் சும்மாவே அள்ளித் தந்தார்கள். இன்றைக்கும் அவரை, கடலை அவிக்க அதைத்தான் மூட்டுகிறேன். புகைப் பழக்கம் வேண்டும், வெளியே வைத்துத்தான் எரிக்க வேண்டும், அது உண்மை.

இப்போது கச்சான் காற்று வீசுகிற காலம், கரைவலையில் சூடை மீன் நிறைய வருகிறது. அறக்குளா வாங்குகிற காசுக்கு ஒரு கிழமைக்குச் சூடை வாங்கலாம். முள் என்று பலர் வாங்குவதில்லை, நான் அதில் தீயல் வைப்பேன். மண்சட்டியில் அடியில் கறிவேப்பிலை பரப்பி, தலை நீக்கிய மீனை நெருக்கமாக அடுக்கி, பழப்புளியை நல்ல கெட்டியாகக் கரைத்து, நம் வீட்டுக் கறித்தூள், உப்பு, நசுக்கின உள்ளி, மிளகு எல்லாம் அதிலே கலந்து மேலே ஊற்றி, அகப்பை போடாமல் சட்டியைத் தூக்கிக் குலுக்கிவிட வேண்டும். பால் விடக் கூடாது. தணலில் தண்ணீர் முழுக்க வற்றி, சட்டி ஓரத்தில் 'சுர்' என்ற சத்தம் கேட்கும்போது இறக்கு. அன்றைக்குத் தொடாதே. அடுத்த நாள் இந்தத் தீயலைப் பழஞ்சோற்றோடு சாப்பிட்டுப் பார், முள்ளே மெத்தென்று ஆகியிருக்கும்.

மற்றதெல்லாம் உனக்குத் தெரிந்ததுதான். வத்தகப்பழத்துத் தோலின் வெள்ளைப் பகுதியில் பால்கறி, பலாக்கொட்டையை வறுத்துக் குழம்பு, மிஞ்சிய பாணில் கட்லட். மகள் போனில், 'ஏனம்மா இன்னும் இப்படிக் கஷ்டப்படுறீங்க?' என்று கேட்கிறாள். கஷ்டம் எது என்று எனக்குத் தெரியும் சாந்தி, உனக்கும் தெரியும். 1990இல் சண்டைக்குப் பயந்து ஓடிப்போய்த் திரும்பி வந்தபோது எங்கள் வீட்டில் மிஞ்சியிருந்தது அம்மியும் ஆட்டுக்கல்லும் மட்டும். தூக்க முடியாததால் அவை இருந்தன. கதவுக்குக் கொண்டி கூட இல்லை. அன்று பின்னேரம் உன் அம்மா எங்கள் படலையைத் திறந்துகொண்டு வந்தா. ஒரு கையில் இரண்டு அலுமினியத் தட்டு, மற்றக் கையில் புட்டு அவிக்கிற ஓலை நீத்துப்பெட்டி. தட்டின் விளிம்பில் ஆணியால் கீறின உன் அப்பாவின் எழுத்து. 'இது பழசுதான் பிள்ளை, ஆனா ஓட்டை இல்லை' என்றா. அந்த நீத்துப்பெட்டியில்தான் அன்று இரவு புட்டு அவித்தோம், தேங்காய்ப்பூ இல்லாமல், வெறும் மாவில். பிள்ளைகள் வயிறு நிறையச் சாப்பிட்டார்கள்.

ஓலை எப்போதோ இற்றுப் போய்விட்டது. தட்டுகள் இரண்டும் இருக்கின்றன. ஒன்று உனக்கு.

வீட்டைப் போன ஞாயிறு மதிலுக்கு வெளியே நின்று பார்த்தேன். ஓடு இரண்டு சரிந்திருக்கிறது, சன்னல் கொண்டிகளைக் கடற்காற்று தின்றுவிட்டது, முருங்கை கூரைக்கு மேல் போய்விட்டது. உள்ளே போக வழியில்லை, அளவு எடுக்க முடியவில்லை. அதனால் இந்தப் பக்கம் பஸ்ஸில் வருகிற யாரிடமாவது சாவியைக் கொடுத்து விடு. சன்னல்களை அளந்து திரையைத் தைத்து மாட்டிவிடுகிறேன். இவர் ஓட்டைப் பார்த்துக்கொள்வார். உன் அம்மாவின் கட்டில் உள்ளே இருந்தால், அடிப்பக்கம் தட்டிப் பார்த்து எழுதுகிறேன், புதுக்கட்டில் வாங்குவதைப் பிறகு யோசிப்போம்.

ஆடிப்பிறப்புக்கு முன் வந்துவிட்டால் நல்லது. பயறு வறுத்து வைத்திருக்கிறேன், பனங்கட்டியும் இருக்கிறது. கூழ் குடிக்கப் பலா இலை உன் வளவில்தான் பறிக்க வேண்டும், எங்கள் மரம் போன வருஷம் பட்டுவிட்டது.

அன்புடன்,
உன் பழைய பள்ளிக்கூட வாங்குத் தோழி